நீர்நாய்களை எடுத்தவர் யார்

நீர்நாய் வேண்டும் என்று ஸாதனாவிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. புலி கேட்பார்கள். யானைக் கூட்டம் கேட்பார்கள். மழையில் ராஜநாகம் படமெடுத்து நிற்க வேண்டும், அதுவும் நாளைக்குள் வேண்டும் என்பார்கள். யாராவது எப்போதோ காட்டில் எடுத்து வைத்திருக்கும் விலங்குக் காட்சிகளைச் சினிமாக்காரர்களுக்காகத் தேடிப் பிடித்து, எடுத்தவரிடம் உரிமை எழுதி வாங்கிக் கொடுப்பதுதான் அவள் வேலை. எர்ணாகுளத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியில் இதையே சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தவள், போன வருஷம் அதை விட்டு வெளியே வந்தாள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு மண்டிக்கு மேலே ஒரு அறை எடுத்துத் தனியாகச் செய்ய ஆரம்பித்தாள். தனியாக அவள் கைக்கு வந்த முதல் பெரிய படம் இந்தத் தமிழ்ப் படம்.

சென்னையிலிருந்து தயாரிப்பு நிர்வாகி சிவராமகிருஷ்ணன் வாட்ஸாப்பில் ஒரு துண்டை அனுப்பியிருந்தார். ஆற்றங்கரைப் பாறையில் ஒரு முதலை வெயில் காய்கிறது. தண்ணீரிலிருந்து நீர்நாய்க் குடும்பம் ஒன்று ஏறி வருகிறது, பின்னால் குட்டிகள். பெரியவை முதலையைச் சுற்றிக்கொள்கின்றன. ஒன்று வாலைக் கடிக்கிறது, ஒன்று அதன் முகத்துக்கு நேரே எழுந்து நின்று கத்துகிறது. அவ்வளவு பெரிய முதலை கடைசியில் புரண்டு தண்ணீரில் விழுந்து ஓடுகிறது. யாரோ அதன்மேல் ட்ரம்ஸ் இசையை ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் ஏதோ சுற்றுலாக் கம்பெனியின் முத்திரை வேறு. பல கைபேசிகள் ஏறி இறங்கி, படம் கலங்கிய குட்டை மாதிரி இருந்தது.

“டைரக்டர் இதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார் மேடம். கதையில அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போகமாட்டோம்னு சொல்ற இடம். அங்க இது வரணும்” என்றார் சிவராமகிருஷ்ணன்.

“எடுத்தது யாருன்னு தெரியுமா சார்?”

“தெரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடறேன்?”

தேடல் தொடங்கிவிட்டால் ஸாதனாவால் உட்கார முடியாது. நாற்காலியில் இருப்பாள், எழுவாள், ஜன்னல் வரை போவாள், கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களைப் பார்ப்பாள், திரும்பி வருவாள். சாயா வாங்கி வைத்தால் ஆடை படிந்து ஆறிப்போகும். முத்திரை போட்டிருந்த சுற்றுலாக் கம்பெனியைப் பிடித்தாள். அவர்கள் வேறு எங்கிருந்தோ எடுத்ததாகச் சொன்னார்கள். அங்கே கேட்டால் இன்னொரு இடம். கடைசியில் மறையூர்ப் பக்கத்துப் புகைப்படக்காரர் ஒருவர் அந்தப் பாறையை அடையாளம் சொன்னார். “இது சின்னார், பாம்பாறு. எடுத்தது சங்கர்ராமும் சுபாஷிணியும். அப்போ புருஷன் பெண்சாதி. இப்போ அப்படி இல்லை. எதுவா இருந்தாலும் ரெண்டு பேர்கிட்டயும் கேக்கணும்.”

வீட்டிலும் அவளுக்கு இருப்பு கொள்ளவில்லை. கணவன் வைத்தீஸ்வரன் கப்பல் கட்டும் தளத்தில் இன்ஜினியர். ஓமனில் ஒரு துறைமுகத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. “போலாமா?” என்று ஒரு தடவை கேட்டான். “பாக்கலாம்” என்று அவள் சொன்னாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரிடம் ஒருவர் விருந்தாளி மாதிரி மரியாதையாக நடந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள். உப்பு போதுமா என்று அவள் கேட்பாள். போதும் என்பான். அந்த மரியாதை அவளுக்கு மூச்சு முட்டியது.

சுபாஷிணி இருந்தது மட்டாஞ்சேரியிலேயே, மூன்று தெரு தள்ளி. மிளகும் ஏலக்காயும் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஐம்பதை ஒட்டிய வயது, குட்டையாக வெட்டிய நரைமுடி. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே பேசினாள்.

“ஒரு நேரம் காட்டிலே மிருகத்தைப் பாத்துண்டிருந்தேன். இப்போ மிளகிலே பூச்சிக் கால் இருக்கான்னு பாத்துண்டிருக்கேன். ரெண்டும் பொறுமை வேணும். என்ன வேணும், சொல்லு.”

“மாமி, அந்த நீர்நாய் ஷாட்டு…”

“மாமி வேண்டாம். சேச்சின்னு கூப்பிடு, அது மதி, போதும்.”

ஸாதனா விஷயத்தைச் சொன்னாள். சுபாஷிணி முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“குடுக்கலாம். கையெழுத்தும் போடறேன். படத்திலே பேர் வருமா?”

“கண்டிப்பா வரும் சேச்சி.”

“என் பேர் மாத்திரம் வரணும். அவர் பேர் கூட வந்தா கிடையாது. அந்த ஷாட்டு நான் எடுத்ததாக்கும்.”

மறுநாள் பஸ் பிடித்து எர்ணாகுளம் போய், அங்கிருந்து மெட்ரோவில் இடப்பள்ளிக்குப் போனாள். பெரிய மாலுக்குப் பின்னால் உள்ள சந்தில் சங்கர்ராம் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார். சுவர் முழுக்க மணமக்கள் படகில், மணமக்கள் அருவியில், மணமக்கள் தேயிலைக்கு நடுவில். நல்ல உயரம், ஓயாத பேச்சு. வந்தவளுக்கு நாற்காலி போட்டார், ஜூஸ் வரவழைத்தார், தொழில் எப்படிக் கெட்டுப்போனது என்று விளக்கினார். நீர்நாய் என்றதும் பேச்சு நின்றது.

“அது இன்னும் ஓடறதா?” என்றார்.

“சார், ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். உரிமை ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு.”

“போடறேன். எனக்கென்ன? ஆனா ஒண்ணு. படத்திலே என் பேர்தான் வரணும். அந்தப் பாறையை ஒரு வாரம் பாத்து, வெளிச்சம் பாத்து, ஃப்ரேம் வச்சது நானாக்கும். அவள் என்ன சொன்னாள்?”

ஸாதனா ஜூஸைக் குடித்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

“பின்னே? சொல்லியிருப்பாளே!” என்றார்.

திரும்பும் வழியில் மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தாள். இடம் காலியாக இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் இடப்பள்ளிக்கும் மட்டாஞ்சேரிக்கும் ஓடியபடி இருந்தாள். பேரே வேண்டாமா என்றால் இருவரும் கூடாது என்றார்கள். ஒரு பேர் ஆரம்பத்தில், ஒரு பேர் கடைசியில் என்றால், ஆரம்பம் யாருக்கு என்று இருவருமே கேட்டார்கள். “அவளை நேரா வந்து பேசச் சொல்லுங்கோ” என்றார் இவர். “அவரோடு பேச எனக்கு ஒண்ணும் இல்லை” என்றாள் அவள். சென்னையிலிருந்து சிவராமகிருஷ்ணன் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை கூப்பிட்டார். பிறகு கூப்பிடுவதை நிறுத்தி ஒரு வீடியோ அனுப்பினார்.

அதிலும் பாறை, முதலை, நீர்நாய்கள் இருந்தன. படம் பளிங்கு மாதிரி தெளிவு. ஸாதனா இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் கவனித்தாள், ஒரு நீர்நாய் இன்னொன்றின் முதுகு வழியாக நடந்து போய் அதற்குள்ளேயே கரைந்துபோனது. முதலைக்கு ஒரு பக்கம் இரண்டு முன்னங்கால்.

போன் அடித்தது. “ஏஐ-ல போட்டுப் பாத்தோம் மேடம். எப்படி இருக்கு?”

“சார், முதலைக்குக் கால் அதிகமா இருக்கு.”

“அதைச் சரி பண்ணிடுவாங்க. யாருக்கு மேடம் தெரியப் போகுது? டைரக்டருக்குத்தான் மனசில்லை. நிஜமான மிருகம் நிஜமா நின்னுச்சு, அதுதான் வேணும்கிறார். ஆனா நாள் இல்லையே. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வரலைன்னா இதைத்தான் வைப்போம். ஒரிஜினலையாவது அனுப்புங்க, பெரிய திரைக்குத் தாங்குமான்னு பாத்துடறோம். அப்புறம், அதுங்க கத்தற சத்தம் சுத்தமா கிடைக்குமா? டைரக்டர் கேட்டார்.”

சங்கர்ராம் ஒரிஜினலைக் கொடுக்கத் தயங்கவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பென் டிரைவில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். “படத்தை மாத்திரம் பாருங்கோ. சத்தம் ஒண்ணும் உபயோகப்படாது. காத்து, இரைச்சல். சத்தத்தை அடைச்சுண்டு பாத்தா மதி” என்றார். சரி என்றாள்.

மண்டிக்கு மேலே தன் அறையில், உச்சி வெயிலில், அவள் அதைத் திரையில் போட்டாள். முதலில் சத்தமில்லாமல் பார்த்தாள். இத்தனை நாள் கலங்கலாகப் பார்த்த நீர்நாய்களுக்கு மீசை இருந்தது. ஈர மயிர் முள் முள்ளாக நின்றது. முதலையின் முதுகில் ஒரு பூச்சி உட்கார்ந்து பறந்தது. அவள் இருக்கையை விட்டு எழவில்லை. டைரக்டர் கேட்ட கத்தல் இதில் எப்படி இருக்கிறதோ, கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள்.

முதலில் கேட்டது ஒரு பெண் குரல். காமிராவுக்கு மிக அருகில்.

“பேப்பர்லே என்ன சொல்லியிருக்கே, நீயே வாசி. நான் காட்டிலே இருந்தேன். நான் காத்திருந்தேன். நான் எடுத்தேன். எல்லாம் நான், நான். அப்போ நான் எங்கே இருந்தேன்? உனக்குக் கஞ்சி வச்சுண்டா?”

“நான் நாங்கன்னுதான் சொன்னேன். அவா அப்படி எழுதிட்டா.”

“பொய் சொல்லாதே சங்கர். போன்லே நீ பேசினப்போ நான் பக்கத்திலே இருந்தேன்.”

திரையில் முதலை அசையாமல் கிடந்தது. காமிராவை யாரும் தொடவில்லை. சும்மா கிடக்கிற முதலையை எடுப்பதற்காக ஓட விட்டுவிட்டு, இருவரும் மறைப்புக்குப் பின்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னது ஒவ்வொன்றும் கூர்மையாக இருந்தது. ராத்திரி முழுக்க விழித்தது, அட்டை கடித்தது, காய்ச்சலோடு லென்ஸ் பெட்டியைச் சுமந்தது. அவன் முதலில் மறுத்தான், பிறகு கத்தினான், பிறகு “ஷெரி, தப்புதான்” என்றான், அதையும் கத்தியே சொன்னான். நீர்நாய்கள் தண்ணீரிலிருந்து தலை தூக்கின. இருவரும் பார்க்கவில்லை. முதல் கத்தல் எழுந்தபோதுதான் பேச்சு அறுந்தது.

“சங்கர். காமிரா ஓடறதா?”

“ஓடறது. நீ பாரு, நீ போய்ப் பாரு.”

“தொட்டா ஆடும். விடு. யாரும் தொட வேண்டாம்.”

அதற்கப்புறம் நீர்நாய்களின் கத்தலும் இரண்டு பேர் மூச்சும்தான். முதலை தண்ணீரில் விழுந்த நொடியில் பெண் சிரித்தாள். அடக்க முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அவனும் சேர்ந்துகொண்டான். காட்சி முடிந்தது.

ஸாதனா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட கூச்சத்தில் காது சுட்டது. கீழே இறங்கி, மண்டிகளைத் தாண்டிப் படகுத்துறை வரைக்கும் நடந்து, அங்கே நிற்க முடியாமல் திரும்பி நடந்தாள். அந்தக் காட்சியை இவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. காமிரா தன்பாட்டுக்கு எடுத்தது. இது இருவருக்குமே தெரியும். தெரிந்துகொண்டேதான் இவ்வளவு நாளும் என் பேர், என் பேர் என்று நிற்கிறார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வைத்தீஸ்வரன் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தான். “உனக்கு அரிசி கூடுதலா வச்சிருக்கேன், போதுமா?” என்றான்.

“போதாது” என்றாள் அவள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “எனக்கு ஓமன் வேண்டாம் வைத்தி. இப்போதான் ஒரு அறை எடுத்து உக்காந்திருக்கேன். நீ போலாமான்னு கேட்டே. உன் வேலையைப் பத்திக் கேட்டே. என் வேலையை என்ன பண்ணறதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

“நீ பாக்கலாம்னு சொன்னியே!”

“அதுக்கு அர்த்தம் என்னன்னு கேட்டியா?”

“நீ சொல்லியிருக்கலாமே! ஒரு மாசமா நான் என்ன நெனச்சுண்டிருக்கேன் தெரியுமா?”

சோறு ஆறுகிற வரைக்கும் சண்டை போட்டார்கள். முடிவு ஒன்றும் வரவில்லை. ஆனால் சாப்பிடும்போது அவன் குழம்பில் உப்பில்லை என்று முகம் சுளித்தான். அவளுக்கு அது நன்றாக இருந்தது.

மறுநாள் காலை சோதனைக்கூடம் திறக்கிற நேரத்துக்கே போய் நின்றாள்.

“சேச்சி, நான் சத்தத்தையும் கேட்டுட்டேன். கேட்டிருக்கக்கூடாது. மன்னிச்சுக்கணும்.”

சுபாஷிணியின் முகம் இறுகியது. கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். வெளியே போ என்று சொல்லப்போகிறாள் என்றுதான் ஸாதனா நினைத்தாள்.

“அவரா கேக்கச் சொன்னார்?”

“இல்லை. கேக்க வேண்டாம்னுதான் சொன்னார்.”

“அது இன்னும் இருக்குன்னு நான் நெனைக்கலை. அழிச்சிருப்பார்னு நெனச்சேன்.” கையுறையை மேஜைமேல் வைத்தாள். “கொண்டு வந்திருக்கியா?”

மடிக்கணினியை மிளகுச் சாம்பிள் தட்டுகளுக்கு நடுவே வைத்து, ஸாதனா வெளியே வராந்தாவில் போய் நின்றுகொண்டாள். கண்ணாடி வழியாக அவள் முதுகுதான் தெரிந்தது. நெடுநேரம் அசையவில்லை. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறி ஸாதனா கதவைத் திறந்தாள். சுபாஷிணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“தப்புன்னு ஒத்துக்கறப்போகூடக் கத்தறார், கேட்டியா? இதுதான் அவர்.” ஹெட்போனைச் சுருட்டிக் கொடுத்தாள். “சண்டை மாத்திரம்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. நான் சிரிச்சது மறந்தே போச்சு.”

“கையெழுத்து, சேச்சி…”

“ரெண்டு பேர் பேரும் போடு, இல்லேன்னா ரெண்டும் வேண்டாம். இந்தச் சத்தம் மாத்திரம் வெளியே போகக்கூடாது. நீர்நாய் கத்தறதை வேணும்னா வேறே எங்கேயாவது எடுத்துக்கோ.”

அன்று மத்தியானமே இடப்பள்ளி. சங்கர்ராம் ஒரு கல்யாண ஆல்பத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

“அவள் கேட்டாளா?”

“கேட்டாங்க சார்.”

“கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும்.”

அவர் எழுந்து ஏ.சி.யைக் குறைத்தார், மறுபடியும் கூட்டினார், மணமக்கள் படங்களுக்கு முன்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். “அழிக்கணும்னு எத்தனையோ தடவை டிஸ்க்கைக் கையிலே எடுத்திருக்கேன். முடியலை” என்றார். பிறகு வந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் பழைய ஆளாகிவிட்டார்.

“யார் பேர் முதல்லே?”

“அதை அவங்க சொல்லலை சார்.”

“பிரச்சனை வேண்டாம். அகர வரிசையிலே போடட்டும். அதாக்கும் நியாயம்.”

ஸாதனா தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மலையாளம்தான் அவளுக்கு ஓடும். மெட்ரோ ஏறின பிறகுதான் விரல்விட்டு எழுத்துகளை அடுக்கிப் பார்த்தாள். எந்த மொழியில் அடுக்கினாலும் சங்கர்ராம்தான் முன்னால் வந்தார். சுபாஷிணியிடம் போனில் சொன்னபோது அவள், “தெரியும். போகட்டும்” என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் முன்பே ஒப்பந்தமும் சத்தம் நீக்கிய ஒரிஜினலும் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தன. சிவராமகிருஷ்ணன் கும்பிடு போடுகிற பொம்மை ஒன்றை அனுப்பினார். ஓமன் கம்பெனியிடம் வைத்தீஸ்வரன் மூன்று மாதம் அவகாசம் கேட்டான். கொடுத்தார்கள். அது முடிவல்ல என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. இடையிடையே அதைப் பற்றிச் சத்தமாகவே பேசிக்கொண்டார்கள்.

படம் வெளியான அன்று ஸாதனா எர்ணாகுளத்தில் முதல் காட்சிக்குப் போனாள். அந்த இடம் வருகிறது என்று தெரிந்ததும் நாற்காலி நுனிக்கு வந்தாள். குடும்பம் வாசலில் நிற்கிறது. பாறை, முதலை. நீர்நாய் எழுந்து நிற்கிறது. உடனே கதாநாயகனின் முகம். அவ்வளவுதான். ஒரு இமைப்பு, மிஞ்சினால் இரண்டு. முதலை ஓடவே இல்லை. கடைசியில் பெயர்கள் ஓடியபோது ஜனங்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து இரண்டு பெயர்களையும் வாசித்தாள்.

அன்று மாலை முதலில் சங்கர்ராம் கூப்பிட்டார்.

“முதலை விழற இடத்தை வெட்டிட்டானே! பின்னே எதுக்கு எடுத்தோம்? நிக்கறது மாத்திரம் போதுமா? ஜெயிக்கறதைக் காட்ட வேண்டாமா?”

அவரைச் சமாதானம் செய்து வைத்த கொஞ்ச நேரத்தில் சுபாஷிணி.

“என்ன பண்ணியிருக்கா அவா? விழறதுக்கு முன்னாடி வெட்டிட்டா! இதுக்கா இத்தனை ஓட்டம் ஓடினே?”

சனிக்கிழமை இருவரும் மறுபடி கூப்பிட்டார்கள். டைரக்டரிடம் சொல்ல வேண்டும், கடிதம் எழுத வேண்டும், இப்படியெல்லாம் செய்ய அவனுக்கு உரிமை கொடுத்தது யார்? கொடுத்தது நீங்கள்தான், ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சங்கர்ராம் மூன்றாம் தடவை கூப்பிட்டு அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொல்லத் தொடங்கியபோது ஸாதனா நடந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்றாள்.

“சார், இதே ஆவலாதியை நேத்து சேச்சியும் என்கிட்ட சொன்னாங்க. ஒரு எழுத்து மாறாம. நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நம்பர் அனுப்பறேன். அவங்ககிட்டயே சொல்லுங்கோ.”

 அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் எண்ணை அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் சேச்சியைக் கேட்காமல் செய்துவிட்டோமே என்று தோன்றியது. அன்றும் மறுநாளும் போன் அடிக்கும்போதெல்லாம் பயந்தாள்.

செவ்வாய்க்கிழமை, பொறுக்க முடியாமல் சோதனைக்கூடத்துக்கே போய்விட்டாள். சுபாஷிணி நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள்.

“சேச்சி, நம்பரை நான்தான் குடுத்தேன். அவர் கூப்பிட்டாரா?”

“கூப்பிட்டார்.”

“என்ன பேசினேள்?”

“சண்டைதான்.” மிளகை இடுக்கியால் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள். “ஒரு மணி நேரம். கடைசியிலே போன்லே சார்ஜ் தீந்து போச்சு. இன்னிக்கு சாயங்காலம் பாக்கியைப் போடணும். நீ உக்காரு, ஏன் நின்னுண்டே இருக்கே?”